ஐ.டி.ஐ.யில் சார்ஜ் கொடுக்கும்போது விட்டுப்போவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு ஐ.டி.ஐ.களில் (தொழிற்பயிற்சி நிலையங்களில்) காலிப்பணியிடம் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் இருக்கிற ஆட்களுக்குத் தெரிந்த வேலை அடுத்து வருகிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்று யாரும் கேட்டுக் காணோம். இளநிலை பயிற்சி அலுவலராகச் சேர்ந்து தென்மாவட்டம் ஒன்றில் ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

ஒருவர் ஓய்வு பெற்றாலோ மாறுதலில் போனாலோ, சார்ஜ் கொடுப்பதற்காக, அதாவது பொறுப்பை ஒப்படைப்பதற்காக, இருப்புப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஸ்பேனர் எத்தனை, வெர்னியர் எத்தனை, சுத்தியலுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒரு அரம் குறைந்தால்கூட கையெழுத்து விழாது. அப்புறம் பிரிவு உபசார விழா, சால்வை, முடிந்தது. எந்த லேத் என்ன மக்கர் பண்ணும், உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும், அப்ரண்டிஸ் எடுக்க வருகிற கம்பெனியில் யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சி.என்.சி. மெஷின் என்றால் கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின், அதன் கன்ட்ரோலுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், மெஷின் அணைந்திருக்கும்போது பாராமீட்டர்களை, அதாவது மெஷின் ஓடத் தேவையான அமைப்பு விவரங்களை, காப்பாற்றுவது அதுதான். பல மெஷின்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். பழையவருக்கு இது தெரியும், அலாரம் வருவதற்கு முன்பே மாற்றிவிடுவார். அவர் போனபின் வந்தவர் பாவம், மெயினை அணைக்காமல் மெஷினில் கை வைக்காதே என்று பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், அதன்படியே மெயினை அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றினார். பாராமீட்டர் மொத்தமும் போச்சு. சர்வீஸ் இன்ஜினியரை வரவழைக்க நிதி ஒப்புதல் வாங்கி முடிப்பதற்குள், அந்த பேட்ச் பசங்க சி.என்.சி.யைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போனார்கள். வந்தவரைக் குறை சொல்ல முடியுமா?

ஒரு பணியிடத்தில் ஒருவருக்குத்தான் சம்பளம், அதனால் பழையவர் கிளம்பிய பிறகுதான் புதியவர் வர முடியும், சில நேரம் யாருமே வராமல் பக்கத்து டிரேடுக்காரர் (வேறு தொழிற்பிரிவுக்காரர்) தலையில் கூடுதல் பொறுப்பாக விழும். அரசு ஊழியர்களின் ஓய்வு வயதைத் தமிழக அரசு 2020-இல் 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கியதால் தள்ளிப்போன ஓய்வுகள் 2022-இலிருந்து வரிசையாக வந்தன. அதே சமயத்தில்தான் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ போன்ற நவீன மெஷின்களில் பயிற்சி தரும் தொழில் 4.0 மையங்கள் வந்தன. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் ரோபோவில் பயிற்சி எடுத்து வந்தவர் அடுத்த கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த ரோபோவை யார் தொடுவது?

எல்லாப் பழியும் அரசின் மேல் இல்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டால் நம்மை யார் தேடுவார்கள் என்று வாய் திறக்காத சீனியர்கள் உண்டு, கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று கேட்காமலே இருந்துவிடும் இளையவர்களும் உண்டு.

ஓய்வுத் தேதி முன்பே தெரிந்ததுதானே, கடைசி ஒரு மாதத்துக்காவது தற்காலிகமாகக் கூடுதல் பணியிடம் அனுமதித்து இரண்டு பேரையும் சேர்ந்து வேலை பார்க்கவிடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு, தமிழில், என்ன பழுது வந்தது எப்படிச் சரியானது என்று எழுதி, சார்ஜ் லிஸ்டில் அதையும் சேர்த்து வாங்க வேண்டும். எழுதச் சோம்பலா, சரி, கையில் போன் இருக்கிறது, செய்வதைப் படம் பிடித்து வையுங்கள். பயிற்சிக்குப் போய் வந்தவர் சான்றிதழை ஃபைலில் போடுவதற்கு முன் சக ஊழியர்களுக்கு ஒருநாள் செய்து காட்டட்டும். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களை மாதம் ஒருமுறை கூப்பிட்டால் பஸ் செலவு கொடுத்தால்கூடப் போதும், வரத் தயாராகப் பலர் இருக்கிறோம். துறை ஆணையரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே இதில் பாதி நடந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பயிற்சி அலுவலர்