குழந்தை நம் முகத்தைத்தான் முதலில் படிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடை பழகும் குழந்தை தடுக்கி விழுந்தால், ஓடி வந்து தூக்கும் பாட்டியோ அம்மாவோ, "தரைதானே உன்னை அடிச்சது? தரைக்கு ரெண்டு அடி!" என்று சிமெண்டுத் தரையை அடித்துக் காட்டுவதை எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் இன்றும் காணலாம். அன்பினால் செய்வதுதான்; குழந்தையும் அழுகையை நிறுத்திவிடுகிறது. ஆனால், வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும் என்று அந்தப் பிஞ்சு கற்றுக்கொள்வதையும், அதே பிள்ளை பின்னர் தம்பியை அடிக்கும்போது நாம் பிரம்பைத் தேடுவதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினர் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், கண்ணாடி பதித்த மேசைமீது ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டனர். பாதி வழியில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பள்ளம் தெரியும். எதிரே நின்ற தாய் முகமலர்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

இதையே அரசாங்கக் கிளினிக்கில், ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளிடமும் காண்கிறேன். தாதியைக் கண்டதும் பிள்ளை அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறது. "அழுதா மிஸ்ஸி இன்னொரு ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்டும் தாயின் மடியில் அது விறைத்துப்போகிறது. "வலிக்கும்தான் கண்ணு, அம்மாவுக்கும் ஊசின்னா பயம், ரெண்டு பேரும் மூச்சை இழுத்து விடலாமா?" என்று கேட்கும் தாயின் பிள்ளையும் அழத்தான் செய்கிறது; ஆயினும் அவளுடைய தோளிலேயே சாய்ந்து அடங்குகிறது.

தகப்பன்மாருக்கும் இதில் பெரும் பங்குண்டு. நாளெல்லாம் செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வருபவர் பிள்ளையிடம் எரிந்து விழுவது நடக்கக்கூடியதே, சற்று நேரம் கழித்து அருகில் அமர்ந்து, "அப்பாவுக்குக் களைப்பு, அதான் கத்திட்டேன், உன்மேல கோபமில்லை" என்று சொல்வதால் அவருடைய மதிப்பு எள்ளளவும் குறையாது. வந்த கோபம் எப்படித் தணிகிறது என்பதைப் பிள்ளை வேறெங்கே போய்ப் பார்க்கும்? "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று வாயை அடைப்பதையும் அவர்கள் கைவிட வேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தேர்வுக்குத் தரும் அக்கறையில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் உணர்வுகளுக்கும் ஒதுக்கி, பள்ளிக்கு இன்னும் வராத குழந்தைகளின் பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும். தகப்பன்மாரும் வர ஏதுவாக, அக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.