முத்திரையிட்ட உறையைத் திறந்தருள வேண்டுகிறேன்

மாண்பமை இந்திய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு வணக்கம்.

பெகாசஸ் என்னும் உளவு மென்பொருளால் இந்தியர்களின் கைப்பேசிகள் வேவு பார்க்கப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று தங்கள் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வேவு பார்க்கப்படுகிறோம் என்ற அச்சமே ஒருவரைத் தம் வாயைத் தாமே கட்டிக்கொள்ளச் செய்துவிடும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கிய அந்த உளவு மென்பொருள், எந்த இணைப்பையும் நாம் தொடாமலேயே கைப்பேசிக்குள் நுழைந்து, மைக்கையும் கேமராவையும் இயக்கி, வாட்ஸ்அப் செய்திகளைப் படிக்க வல்லது. ஆனால் எல்லாருடைய கைப்பேசியிலும் அது நுழைய வேண்டியதில்லை. நுழைந்திருக்குமோ என்ற ஐயம் பரவிவிட்டாலே, செய்தியாளரிடம் முறைகேட்டைச் சொல்ல வந்தவர் பேசாமல் திரும்பிவிடுவார்.

அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைக்கப்பட்டது. ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளில் 5-இல் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படவில்லை என்றும், ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிபதி என்.வி. ரமணா அமர்வு தெரிவித்தது. அக்குழுவின் அறிக்கையோ முத்திரையிட்ட உறைக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து கைப்பேசிகளில் இருந்தது என்ன, அனுப்பியவர் யார் என்று தெரியாதவரை, அந்த மௌனமும் உளவு மென்பொருளின் வேலையைத்தான் செய்கிறது.

உளவு மென்பொருள் ஒட்டுக்கேட்பதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பாகச் செயற்பாட்டாளர்கள் மீது போடப்பட்ட வழக்கில், கைப்பற்றிய கடிதங்களைக் காவல்துறை 2018-இல் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே படித்துக்காட்டியது. அவ்வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் இருந்த கடிதங்கள் நெட்வயர் என்னும் மென்பொருள் வழியாக வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021-இல் அறிக்கை தந்தது. அதே வழக்கில் கைதான, திருச்சி மண்ணில் பிறந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமியின் கணினியைப் பற்றி அந்நிறுவனம் அவ்வாறே சொன்னது 2022 டிசம்பரில். பிணைக்காகக் காத்திருந்த அவர் 2021 ஜூலை 5 அன்றே, 84 வயதில், காவலில் இருந்தபடியே இறந்துவிட்டார். ஊர் முழுக்கப் பரவிவிட்ட பழியைப் பின்னால் வரும் தடயவியல் அறிக்கை எப்படித் துடைக்கும்?

நாட்டின் பாதுகாப்பைத் தொடும் பகுதி வெளியிடப்படாது என்று 2025 ஏப்ரலில் அமர்வு கூறியதை அறிவேன். பெயர்களையும் அத்தகைய பகுதிகளையும் மறைத்துவிட்டு, தொழில்நுட்ப முடிவுகளை வெளியிடலாமே. என்எஸ்ஓ மீது வாட்ஸ்அப் தொடுத்த வழக்கு கலிபோர்னியாவில் திறந்த நீதிமன்றத்தில்தான் நடந்தது. நீதிபதி ரவீந்திரன் எழுதிய பரிந்துரைப் பகுதியை இணையத்தில் வெளியிடுவதாக அமர்வே 2022-இல் கூறியது. முதற்கட்டமாக அதையேனும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மக்கள் படிக்கத் தர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்