90 சென்டிமீட்டர் தந்திக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை வியாசர்பாடியில் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், தாங்களே செய்த ஒற்றைத் தந்திக் கருவிகளைப் பெற்றோர் முன் வாசித்தார்கள். கைதட்டல் முழுக்கப் பிள்ளைகளுக்குப் போனது, சரிதான். ஆனால் அன்று மேடைப் பக்கமே வராத சிலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் வால்டாக்ஸ் சாலை மரக்கடை அண்ணன். "கணக்குப் பாடத்துக்கு வீணையா மிஸ்?" என்று சிரித்தவர், பதினொரு துண்டுப் பலகைகளை இழைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். டீக்கடை அக்கா பால் பவுடர் டப்பாக்களை இரண்டு மாதம் சேர்த்து வைத்தார். பலகைக்கு அடியில் அந்த டப்பா இல்லாவிட்டால் தந்தியின் ஒலி பக்கத்து பெஞ்சுக்கே கேட்காது.

அப்புறம், மயிலாப்பூரில் வீணை பழுது பார்க்கும் ஐயா. முதல் கருவியை நான்தான் செய்தேன். தந்தியைச் சரிபாதியாக்கினால், ஸ ரி க ம ப த நி முடிந்து வருகிற மேல் ஸ வரவேண்டும். வரவில்லை, ஏதோ கத்தியது. தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "தந்தி எங்கேம்மா ஆரம்பிக்குது?" என்றார். நான் பலகையின் நுனியைக் காட்டினேன். அவர் குதிரையின் மேல், அதாவது தந்தியைத் தாங்கி நிற்கும் சின்னக் கட்டையின் மேல், விரலை வைத்தார். அளவுகோலை 0-வில் வைக்காமல் 1-இல் வைத்து அளக்கும் பிள்ளைகளை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! இன்னொன்றும் சொன்னார்: விரலால் அழுத்தினால் தந்தி இழுபட்டு சுருதி ஏறிவிடும், தந்தியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற உயரத்தில் ஒரு சின்னக் குதிரையை நகர்த்துங்கள் என்று. அதற்குப் பிறகுதான் எல்லாம் சரியானது.

இரண்டு குதிரைகளுக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் வைத்தோம். முழுத் தந்தி ஸ என்றால், மற்ற ஸ்வரங்களுக்கு வேண்டிய தந்தி நீளம்: ரி 80, க 72, ப 60, த 54, நி 48, மேல் ஸ 45. சங்கராபரண ராகம் அப்படியே இறங்கி வந்து அளவுகோலில் உட்கார்ந்தது. ம மட்டும் 67.5. "எல்லாம் முழுசா வருது, இது மட்டும் ஏன் மிஸ் அரையில நிக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். 90-இல் கால் பங்கு 22.5, அதைக் கழித்தால் முக்கால் பங்கு என்று அவளே போட்டுக் கண்டுபிடித்தாள். பின் பெஞ்சிலிருந்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "தந்திய 180 ஆக்கிட்டா அந்த அரை போயிடும் மிஸ்" என்றான். பகுதியைச் சமமாக்கு, பகுதியைச் சமமாக்கு என்று வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

பறை கற்றுத்தரும் எங்கள் தெருத் தம்பிக்கும் நன்றி. ஒரு வரிசை மூன்று தட்டாக 'தகிட', எதிர் வரிசை நான்கு தட்டாக 'தகதிமி' தட்டி, எங்கே சேர்ந்து விழுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார். மூன்றும் நான்கும் 12-இல் முடிந்து 13-இல் ஒன்றாக விழுந்தன. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரைப் பிள்ளைகள் பிறகு படித்துக்கொள்ளட்டும்.

அடுத்த வகுப்பு டீச்சரிடம் நன்றியைவிட மன்னிப்புதான் கேட்கவேண்டும். ஒன்றரை மாதச் சத்தத்தில் ஒரே ஒரு நாள்தான் கதவைத் தட்டினார், அதுவும் தன் பிள்ளைகளைக் கேட்க அழைத்துவரலாமா என்று.

மரக்கடை அண்ணா, அந்தப் பையன் விடுவதாக இல்லை. இரண்டு மீட்டரில் ஒரு பலகை கிடைக்குமா?

அன்புடன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை