சம்பளத்தையும் கேட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில், வனவிலங்குப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றின் தலைவர் பேட்டி வந்திருந்தது. புள்ளியியல் படியுங்கள், காட்டோர மக்களோடு பேசிப் பழகுங்கள் என்று அவர் சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்கு உதவும். ஆனால், தொடக்கத்தில் சில வருடம் சம்பளத்தை எதிர்பார்க்காதவர்களே இந்தத் துறையில் நிலைப்பார்கள் என்றாரே, அதைப் போய் கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் மகள் வனவிலங்கு உயிரியல் முதுகலை படித்தவள். இந்தப் படிப்பு மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலேயே இருப்பதை உங்கள் இணைப்பில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் டேராடூன், பெங்களூருதான். வனத் தொழில் பழகுநர் தேர்வு அறிவிப்பைக்கூட ஒரு முறை கடைசித் தேதி போன பிறகு போட்டீர்கள். சரி, அது இருக்கட்டும்.

படித்து முடித்து ஒரு நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். அட்டைப்பூச்சிக்குப் பயந்து காலுறையில் புகையிலைத் தூள் தடவிக்கொண்டு காட்டுக்குள் போய், அசைவு தெரிந்தால் தானே படம் எடுக்கும் கேமராக்களிலிருந்து மெமரி கார்டுகளைக் கழற்றி வருவாள். ராத்திரி உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். பாதிக்கு மேல் காற்றில் புல் அசைந்த படங்கள். நடுவில் சிறுத்தை வந்தால், விலாவில் உள்ள புள்ளிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, முன்பு வந்ததா புதியதா என்று குறிக்க வேண்டும். இத்தனைக்கும் கைக்கு வந்தது சாப்பாட்டுச் செலவுதான். பெட்ரோலுக்கு நாங்கள் பணம் அனுப்பினோம். ஒருநாள் நிதி முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழுக்கு அலையவிட்டார்கள். அறிக்கையில் அவள் பெயரும் இல்லை, கூடவே நடந்து தடம் காட்டிய பழங்குடி அண்ணன் பெயரும் இல்லை.

வீட்டிலிருந்து வருடக்கணக்கில் பணம் அனுப்ப வசதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தானா ஐயா இந்தத் துறை?

உங்களுக்குத் தெரியாததல்ல. பாம்புத் தோல் வணிகத்துக்குத் தடை வந்து பிழைப்பை இழந்த இருளர் பழங்குடி மக்களுக்காக 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பிடித்து வரும் பாம்புக்குப் பணம் கிடைத்தது. விஷம் எடுத்த பிறகு பாம்பைத் திரும்ப விட்டார்கள், அந்த விஷம் விஷமுறிவு மருந்துக்குப் போனது. பாம்பும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்டார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கூலி வாங்கியதால் அவர்கள் செய்த வேலையின் மதிப்பு குறைந்துவிட்டதா?

இனி இப்படிப் பேட்டி எடுக்கும்போது, உங்கள் நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம் என்ன, எத்தனை மாத ஒப்பந்தம், காட்டில் விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை அப்படியே அச்சிடுங்கள். போன வருடம் நான் எழுதிய கடிதம் வரவில்லை. இதையும் போடாவிட்டால் பரவாயில்லை, அந்த மூன்றையும் கேட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை மாவட்டம்