ஆள் குறையும் ஊருக்கு ஆள் கூடும் ஊரின் திட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்கள் காலியாகி வருவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வளர்ச்சித் திட்டம் வந்து சேரவில்லை என்ற குறைதான் முதலில் சொல்லப்படுகிறது. பல ஊர்களில் உண்மை வேறு. திட்டம் வந்திருக்கிறது, ஆனால் மக்கள்தொகை கூடும் என்ற கணக்கோடு வந்திருக்கிறது. ஆள் குறைந்துகொண்டே போகும் ஊரில் அந்தக் கணக்கு உதவாமல் போவதோடு நிற்பதில்லை, ஊர்க்காரர்கள் தலையில் நிரந்தரச் செலவாகவும் விடிகிறது.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 7,850 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் 500 பேர் பயன்படுத்தினால் அந்தத் தண்ணீர் நான்கு மணி நேரத்துக்குள் மாறிவிடும். 50 பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்றால் ஒன்றரை நாளுக்கு மேல் குழாய்க்குள்ளேயே கிடக்கும். கிடக்கக் கிடக்கக் குளோரின் குறையும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டியது இருக்காது. சரிக்கட்ட மேல்நிலைத் தொட்டியில் கூடுதலாகப் போட்டால் முதல் வீட்டில் வாடை தாங்காது. கடைசியில் குழாயின் கோடியைத் திறந்துவிட்டு நல்ல தண்ணீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டிவரும். கழிவுநீர்க் குழாயிலும் இதே சிக்கல்தான். நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்தில் ஓடாவிட்டால் கசடு படிந்து அடைக்கும். 1990க்குப் பிறகு மக்கள் பெருமளவில் வெளியேறிய கிழக்கு ஜெர்மனி ஊர்களில், தண்ணீர் பாய்ச்சிச் சாக்கடைக் குழாய்களைக் கழுவ வேண்டியதாயிற்று.

எனவே தலையெண்ணும் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஐந்தைந்து வயது அடுக்குகளாகப் பிரித்து, ஆண் பெண் தனித்தனியாக, ஆண்டில் எத்தனை மாதம் ஊரில் தங்குகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பவர் எல்லாரும் ஊரில் இருப்பவர் அல்லர். ஒவ்வோர் அடுக்கையும் இரண்டு படி மேலே நகர்த்தி, இறப்பையும் வெளியேற்றத்தையும் கழித்து, பிறப்பையும் வருகையையும் கூட்டினால் பத்தாண்டுக்குப் பிறகு ஊர் எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிடும். 200 பேர் உள்ள ஊரில் இரண்டு குடும்பம் குடியேறினாலே கணக்கு மாறும். அதனால் குறைவு, நடுத்தரம், கூடுதல் என்று மூன்று எண்களாவது போட வேண்டும். முப்பது ஆண்டு உழைக்கப்போகும் குழாய், குறைந்த எண்ணுக்கும் ஒத்துவருமா என்று பார்த்த பிறகே அதன் விட்டத்தை முடிவுசெய்வது முறை. தீயணைக்கப் பெரிய குழாய் வேண்டாமா என்று கேட்பார்கள். அதற்குத் தனித் தொட்டி ஒன்று கட்டிவிடலாம். ஆண்டு முழுவதும் குடிதண்ணீரைத் தேங்கவிட வேண்டியதில்லை.

தலைக்கணக்கைப் போலவே தூரக் கணக்கும் முக்கியம். இத்தாலியில், வசதிகளுக்கு எட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கென்று வந்த 2014-2020 காலத்து உள்பகுதித் திட்டம் ஊர்களை வருமானத்தை வைத்துப் பிரிக்கவில்லை. மேல்நிலைப் பள்ளி, அவசரச் சிகிச்சை மருத்துவமனை, ரயில் நிலையம் மூன்றும் உள்ள இடத்துக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம் என்று பார்த்து, 20, 40, 75 நிமிட எல்லைகளில் பிரித்தது. சரியான அளவுகோல். ஆனால் கார் ஓட்டாத முதியவருக்கு 40 நிமிடம் என்பது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரை நாள். காலி பேருந்தை மூன்று நடை விடுவதைவிட, முதல் நாள் சொல்லிவைத்தால் வீட்டு வாசலுக்கு வரும் சிறு வண்டி மேல். இதுவும் இரண்டு காரணங்களால் படுத்துவிடும்: முன்பதிவைச் செயலியில் மட்டும் வைப்பது, திரும்பிவரும் நடையை உறுதிசெய்யாமல் விடுவது. கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேண்டும்; மருத்துவர் பார்க்கும் நேரத்தை ஒட்டி வண்டி நேரம் அமைய வேண்டும்.

நிதி விதிகளில்தான் நிறையக் கோளாறு இருக்கிறது. ஐரோப்பாவில் 1991இல் தொடங்கிய கிராம வளர்ச்சிக்கான 'லீடர்' திட்டம், எதைச் செய்வது என்ற முடிவை வட்டாரக் குழுவிடமே ஒப்படைத்தது. ஆனால் உள்ளூர்க்காரர்களே முடிவெடுத்தாலும், செலவழித்த பிறகுதான் பணம் என்ற விதி இருக்கும் இடத்தில் கைமுதல் இல்லாத சிறு சங்கம் விண்ணப்பிக்கவே முடியாது. ஆள் குறைந்த ஊரில் எல்லாக் குழுவிலும் அதே நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொரு துறைக்கும் தனி விண்ணப்பம், தனி அறிக்கை, தனித் தணிக்கை என்றால் அவர்களும் களைத்து ஒதுங்கிவிடுவார்கள். முன்பணம் தர வேண்டும்; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதும். அதைவிட அவசியம், அறிக்கை எழுதவும் அலுவலகங்களுக்கு அலையவும் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்துவது. ஜப்பான் 2009 முதல் இதையொட்டிய முறையில், நகரத்திலிருந்து வருபவர்களைப் பெரும்பாலும் மூன்றாண்டு வரை கிராம வேலையில் அமர்த்தி வருகிறது.

வெற்றியை அளக்கும் முறையும் மாற வேண்டும். 'எத்தனை புதிய வேலை, எத்தனை புதிய கட்டடம்' என்று கேட்டால் சமுதாயக் கூடம்தான் கிடைக்கும், அது பூட்டியே கிடக்கும். இருக்கும் ஒரே கட்டடத்தில் காலையில் மருந்தகம், மாலையில் அஞ்சல் சேவை, வாரம் ஒருநாள் செவிலியர் என நடந்தால் எந்தப் படிவத்திலும் அது சாதனையாகப் பதிவாவதில்லை. இடிந்த வீட்டை அகற்றவும், பயன்படாத குழாயைத் துண்டிக்கவும், பழையதைப் பழுதுபார்க்கவும் கேட்டால் 'வளர்ச்சிப் பணி இல்லை' என்று கோப்பு திரும்பிவிடுகிறது. சுருங்கும் ஊரில் இவைதான் முதல் பணிகள். இவற்றுக்கென்று தனித் தலைப்பில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு கட்டுமான விண்ணப்பத்திலும், பத்தாவது ஆண்டில் மின்கட்டணம் கட்டப்போவது யார், மோட்டாரைப் பழுதுபார்க்கப்போவது யார் என்று கேட்டு, பதில் இல்லாத இடத்தில் அந்தப் பணத்தைப் பராமரிப்புக்கு மாற்றிக்கொள்ள ஊருக்கு உரிமை தர வேண்டும்.

இப்படிக்கு,
கிராமத் திட்டமிடல் பணியில் உள்ள வாசகர்கள்