சம்பா கோயில் வளாகத்துக்குத் திட்டம் வரையும் முன்

புதுவை–கடலூர் பேராயர் ஆண்டகைக்கும், புதுச்சேரி நகராட்சி ஆணையருக்கும், மரபுக் கட்டடங்களுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும் வணக்கம்.

மிஷன் வீதிக்குப் பக்கத்தில் பிறந்து, ஊர் சம்பா கோயில் என்று அழைக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, என் பிள்ளைகளையும் அங்கேயே புதுநன்மைக்கு அழைத்துப்போனவன் நான். கோயில், முற்றம், சுற்றியுள்ள கட்டடங்கள், முன்னால் ஓடும் வீதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாகச் சீரமைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். ஒரு வருஷம் சுவர், இன்னொரு வருஷம் தரை என்று துண்டு துண்டாகப் பார்க்கும் வேலை பழைய கட்டடத்துக்கு ஆகாது.

முதலில் சுவரைப் பற்றி. என் வீடும் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடுதான். ஓதம் ஏறுகிறது என்று ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு வழவழவென்று சிமெண்ட் பூசிக் கொடுத்தார். இரண்டு ஐப்பசி மழைகூடத் தாங்கவில்லை. வெளியே போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே நின்றது. உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் போல் உப்பி, தொட்டதும் பாளமாக விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை நகத்தால் சுரண்டினேன், மாவாகக் கொட்டியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். கடற்காற்று வீசும் ஊரில் அதுதான் சுவருக்கு உயிர். என் வீட்டில் போனது ஒரு சுவர். 1791-இல் அர்ச்சிக்கப்பட்ட கோயிலில் அப்படி ஒரு சோதனை வேண்டவே வேண்டாம்.

ஆகையால் வரைபடம் போடுவதற்கு முன் சுவர், அடித்தளம், கூரை, நீர் வடியும் வழி எல்லாவற்றையும் பழைய கட்டடம் அறிந்த பொறியாளர்கள் சோதித்து அறிக்கை தரட்டும். சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தனார்களின் பெயர்ப் பட்டியல் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றமான நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை இந்த ஊர் பார்த்தது. அதே முகத்தோடு இன்று அங்கே ஒரு கட்டடம் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்தது அதுவல்ல.

முற்றத்தைத் திறந்தவெளியாகவே விடுங்கள். கூட்டம் நிறைந்த மிஷன் வீதியிலிருந்து உள்ளே கால் வைத்ததும் மனசு அடங்குகிறதே, அதற்குக் காரணம் அந்த வெட்டவெளிதான். வாடகைக்கு ஆசைப்பட்டு வீதியோரம் கடைகள் கட்டுவதோ, கார் நிறுத்த மேடை எழுப்புவதோ வேண்டாம். தரை முழுவதும் கிரானைட் பதித்தால் மழைநீர் எங்கே போகும்? கோயில் அடித்தளத்துக்குத்தான். வண்டி நிறுத்துவதற்கு வேறு இடம் பார்ப்பது நகராட்சியின் வேலை. ஞாயிறு காலையிலாவது கோயில் எதிரே வண்டிப் போக்குவரத்தை நிறுத்திப் பாருங்கள். கல்வே கல்லூரியும் வ.உ.சி. பள்ளியும் இதே வீதியில்தான் இருக்கின்றன. நடந்து போகிறவருக்கு இந்த வீதி எவ்வளவு காட்டும்!

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். வளாகத்தில் வரலாற்றுப் பலகை வைப்பதாக இருந்தால் முழு வரலாற்றையும் எழுதுங்கள். சேசு சபையினர் 1692-இல் கட்டிய முதல் கோயில் மறு வருஷமே டச்சுக்காரரால் அழிந்ததையும், பின்னால் வந்த கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் இடித்ததையும் எழுதும்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில், 1748-இல், பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் எழுத வேண்டும். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை வேதனையோடு பதிந்து வைத்திருக்கிறார். நம் கோயில் இடிபட்டதற்கு வருந்துகிற நாம் அவர்கள் கோயிலை விட்டுவிட்டு எழுதினால், மாதா முன் எந்த முகத்தோடு நிற்பது? பங்கு மக்களில் சிலருக்கு இது கசக்கலாம். எனக்கும் முதலில் கசந்தது.

திட்டம் தயாரானதும் வரைபடங்களைத் தமிழில் விளக்கி, ஒரு மாதம் முற்றத்திலேயே மாட்டி வையுங்கள். பூசை முடிந்து வருகிறவர்களும், வீதியில் கடை வைத்திருப்பவர்களும், ஈசுவரன் கோயில் தெருக்காரர்களும் பார்க்கட்டும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள அங்கே ஒருவரை உட்கார வையுங்கள். மழை தொடங்குமுன் சுவர்ச் சோதனையை ஆரம்பிக்க முடியுமா என்று மட்டும் இப்போதே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவன்,
புதுச்சேரி