பேசும் போன் கெட்டுப்போன போன் அல்ல

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் ஆசிரியர் கூட்டத்தின் நடுவே என் சட்டைப்பையில் இருந்த போன் திடீரென்று பேசத் தொடங்கியது. தொட்ட இடத்தையெல்லாம் வாசித்தது, ஆனால் எதையும் திறக்கவிடவில்லை. கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை வாங்கி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தினாள். பேச்சு நின்றது.

"டாக்பேக் சார். ஒரு தட்டு தட்டினா படிக்கும், ரெண்டு தட்டு தட்டினாத்தான் திறக்கும்" என்றாள். டாக்பேக் என்பது ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் வசதி. அவளுக்குப் பார்வை குறைவு. வீட்டில் அப்பாவின் போனை அப்படித்தான் பயன்படுத்துகிறாளாம். (அவள் பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தையும் இப்படிக் கேட்டுவிடுவாயா என்று கேட்டேன். "இல்ல சார், 'படம்'னு மட்டும்தான் சொல்லும்" என்றாள். நாங்கள் கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். போட்டோவில் இருக்கும் கையெழுத்து அந்தக் குரலுக்கு வெறும் படம். இத்தனை நாள் அவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். தவறு எங்களுடையது. திங்கட்கிழமை முதல் வீட்டுப்பாடம் எழுத்தாகவே வரும். தட்டச்சு செய்ய நேரமில்லாத ஆசிரியர்கள் விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும், பிழைகளை மட்டும் திருத்தினால் போதும்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது, தனிக் கருவி வாங்கக் கடன் தேடும் முன் கையில் இருக்கும் போனின் செட்டிங்ஸில், பார்க்க, கேட்க, வாசிக்கச் சிரமப்படுவோருக்கான வசதிகள் உள்ள 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள் என்பதுதான். ஆண்ட்ராய்டு, ஐபோன், டேப்லெட் எல்லாவற்றிலும் அது உண்டு, காசு கிடையாது. ஐபோனில் பேசும் குரலுக்கு 'வாய்ஸ்ஓவர்' என்று பெயர், 2009-லேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம். 'மேக்னிஃபிகேஷன்' போட்டுவைத்தால் திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு 'செலக்ட் டு ஸ்பீக்' நல்லது: தேர்ந்தெடுத்த பத்தியை மட்டும் வாசிக்கும், பிள்ளை கண்ணால் கூடவே தொடரலாம். தமிழில் வாசிக்காவிட்டால், எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்பில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கு, எதிரில் பேசுவதை எழுத்தாகக் காட்டும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. வகுப்புச் சத்தத்தில் அது தடுமாறும், வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது உதவும்.

இன்னொன்று, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 'அக்சஸிபிலிட்டி' அனுமதி பெற்ற செயலியால் திரையில் உள்ளதைப் படிக்க முடியும், உங்கள் சார்பில் தொடவும் முடியும். அதனால்தான் ஏமாற்றுச் செயலிகளும் இதே 'அக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்கின்றன. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பை நிறுவி, அதற்கு இந்த அனுமதியைக் கொடுத்தால் உங்கள் வங்கிச் செயலியையும் அது பார்க்கும். போனோடு வந்த வசதிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

'கண்ணாடி போட்டாலே கிண்டல் செய்கிறார்கள், இதில் போன் வேறு சத்தமாகப் படிக்க வேண்டுமா' என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கவலை. ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும். கிண்டல் செய்பவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வருகிறார். வீட்டில் பிள்ளை எந்தப் போனைப் பயன்படுத்துகிறதோ அதையே கொண்டுவாருங்கள், சார்ஜ் போட்டு. பிள்ளையையும் அழைத்து வாருங்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், குரல் எவ்வளவு வேகமாகப் பேச வேண்டும் என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போவதால் வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் நானே இருப்பேன். இரண்டு பொத்தான்களை அழுத்த இப்போது எனக்கும் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்